கூரை விற்கும் நமக்கும் பொறுப்பு உண்டு



சித்திரை பிறந்து ஒரு கோடை மழை அடித்துவிட்டால் போதும். தம்மம்பட்டியில் நம் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். செந்தாரப்பட்டி, உலிபுரம், நாகியம்பட்டி, கெங்கவல்லி என்று சுற்றுவட்டாரத்திலிருந்தும், பச்சைமலை அடிவாரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சூறைக்காற்றில் ஷீட் பறந்துவிட்டது என்பார் ஒருவர். குரங்கு இறங்கி ஓட்டைப் புரட்டிவிட்டது என்பார் இன்னொருவர். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், அதற்குள் கீற்றைப் பிரித்துவிட்டு வேறு போட வேண்டும் என்பார் மற்றொருவர். தேவை பலவாக இருந்தாலும் முதல் கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏங்க முதலாளி, இருக்கிறதிலேயே விலை குறைஞ்சது எதுங்க?”

இந்தக் கேள்விக்கு வணிகர்களாகிய நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதே இக்கட்டுரையின் பொருள். கேட்டதை எடுத்துக் கொடுத்துப் பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்வது வியாபாரம்தான். மறுப்பதற்கில்லை. ஆனால் அரிசி வாங்கியவர் சோறு சரியில்லை என்றால் அடுத்த மாதம் வேறு அரிசி வாங்குவார். கூரை வாங்குகிறவர் அப்படி மாற்ற முடியாது. ஆயுளில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை வாங்குகிறார். நம் பகுதியில் சிறு வீடு கட்டுகிறவர் பொறியாளரைத் தேடிப் போவதில்லை. கொத்தனார் ஒரு யோசனை சொல்வார், கடைக்காரர் ஒரு யோசனை சொல்வார், காரியம் முடிந்துவிடும். ஆகவே அவர் தலைக்கு மேல் என்ன இருக்கப்போகிறது என்பதில் பாதி முடிவு நம் கல்லாவுக்கு எதிரே எடுக்கப்படுகிறது. அந்தப் பாதிக்கு நாம் பொறுப்பு.

ஓடு வந்த கதை

நம் தாத்தா காலத்தில் தேர்ந்தெடுக்கும் தொல்லையே கிடையாது. தென்னந்தோப்பு உள்ளவருக்குக் கீற்று, கரும்பு போட்டவருக்குச் சோகை, மலையோரத்தில் இருப்பவருக்குப் புல். கொஞ்சம் வசதி வந்தால் குயவர் சுட்ட நாட்டு ஓடு. பெரும் வசதியென்றால், மர உத்திரத்தின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மச்சு.

இந்த வரிசையில் நடுவே நுழைந்ததுதான் சீமை ஓடு என்று நம் மக்கள் அழைக்கும் மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பினர் 1865இல் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். நேத்ராவதி, குருபுரா ஆற்றுப் படுகைகளின் களிமண் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. பின்னர் இந்தத் தொழில் கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள பேரோக், திருச்சூருக்கு அருகிலுள்ள ஒல்லூர் என்று கேரளத்திலும் பரவியது. ரயில் போன இடமெல்லாம் இந்த ஓடும் போயிற்று. ரயில் நிலையம், தாலுகா கச்சேரி, பள்ளிக்கூடம், பஞ்சாலை என்று எங்கும் அதே சிவப்புக் கூரைதான்.

நாட்டு ஓட்டை விட இதில் என்ன சிறப்பு? நாட்டு ஓட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வேய வேண்டும். எண்ணிக்கையும் அதிகம், பாரமும் அதிகம். சீமை ஓட்டிலோ ஓரத்தில் வரப்பும் வாய்க்காலும் உண்டு. ஒன்றின் வரப்பு அடுத்ததன் வாய்க்காலில் உட்காரும். அதனால் ஒரே அடுக்கு போதும். ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஏறத்தாழ 140 முதல் 150 ஓடு பிடிக்கும். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழைய வீட்டைப் பிரித்தால் அப்படியே எடுத்துப் புது வீட்டுக்குப் போடலாம். இன்றும் நம் ஊரில் வீடு இடிக்கும்போது இறங்கும் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால், ஆலையின் பெயரும் ஊரின் பெயரும் அச்சாகப் பதிந்திருக்கும். செய்தவன் தன் பெயரைச் சரக்கின் மேல் எழுதிக் கொடுத்த காலம் அது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் விற்ற சிமெண்ட் ஷீட்

நாம் தொழிலுக்கு வந்த காலத்தில் ஓட்டுக்கு இறங்குமுகம் தொடங்கியிருந்தது. கேரளத்தில் களிமண் எடுப்பதற்குக் கட்டுப்பாடு, விறகு விலை, கூலி என்று ஒவ்வொரு காரணமாகச் சேர்ந்து பல ஆலைகள் மூடிப்போயின. இங்கேயோ கைமரத்துக்கு நல்ல மரம் இல்லை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தமிழில் கல்நார் என்று பெயர். கடைத்தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சிமெண்ட் ஷீட் என்றே சொல்கிறோம். பெயரிலேயே பாதி விஷயம் மறைந்துவிடுகிறது.

வியாபாரிக்கு அதைவிடச் சௌகரியமான சரக்கு இல்லை. துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, கோடவுனில் எத்தனை நாள் கிடந்தாலும் நட்டமில்லை. நான்கு பேர் இருந்தால் ஒரே நாளில் கூரை முடிந்துவிடும். வீட்டுக்கும், மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஆலைக்கும், நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைக்கும் நாம் லாரி லாரியாக அனுப்பியிருக்கிறோம். அளவு சரியில்லை என்றால் கடையின் பின்புறத்திலேயே ரம்பத்தால் அறுத்துக் கொடுப்போம். பையன்கள் தலையெல்லாம் வெள்ளையாக நிற்பார்கள். மாலையில் அந்தத் தூசியைத் துடைப்பத்தால் கூட்டித் தெருவோரம் தள்ளுவோம். ஒருவர் கூடத் தவறு என்று சொல்லவில்லை. நமக்கும் தெரியவில்லை.

இப்போது தெரியும். தெரிந்த பிறகும் தெரியாததுபோல் இருப்பதுதான் தவறு. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் நார் மூச்சுவழியே உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். நோய் உடனே தெரியாது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து வரும். 1995 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றை நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கல்நார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் உடல்நலப் பதிவேட்டை அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையிலிருந்து விலகி 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. இத்தனை நீண்ட காலம் எதற்கு? நோய் அத்தனை தாமதமாக வரும் என்பதால்தான். ஆலைத் தொழிலாளிக்காவது ஒரு பதிவேடு உண்டு. நம் கோடவுனில் ஷீட் அறுத்த பையனுக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது?

உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2005இலிருந்து தடை. ஒரு காலத்தில் உலகுக்கே கல்நார் தோண்டிக் கொடுத்த கனடா 2018இல் தடை செய்தது. அங்கே சுரங்கத்தால் வாழ்ந்த ஓர் ஊரின் பெயரே ஆஸ்பெஸ்டாஸ். அந்த ஊர் மக்கள் 2020இல் ஊரின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். நம் நாட்டிலோ கல்நார் தோண்டுவதற்குப் புதிய சுரங்க உரிமம் தருவது 1980களிலேயே நின்றுவிட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து ஷீட் செய்வதற்குத் தடையில்லை. தோண்டக் கூடாது, வாங்கலாம், விற்கலாம் என்பதே இன்றைய சட்ட நிலை.

அண்டை நாடான இலங்கையின் அனுபவம் வியாபாரிகளுக்கு ஒரு பாடம். 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அந்நாட்டு அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சிப்பத்தில் பூச்சி இருந்தது என்று சொல்லி இலங்கைத் தேயிலையை ரஷ்யா நிறுத்திவைத்தது. இலங்கைக்குக் கல்நார் விற்கும் நாடும் ரஷ்யாதான். சில நாட்களிலேயே இலங்கை தன் கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது; தேயிலைக்கும் வழி திறந்தது. ஓர் அரசாங்கமே தனித்து நின்று இந்தச் சரக்கை நிறுத்த முடியாமல் தடுமாறியிருக்கிறது என்றால், ஒரே ஒரு கடைக்காரர் தனியே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாம் அதை அனுபவத்தில் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் இந்த ஷீட் வாங்கி அடுக்குவதை நிறுத்தினோம். வாடிக்கையாளர் இரண்டு நிமிடம் நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய் அதே ஷீட்டை வாங்கிக்கொண்டு, நம் கடை வழியாகவே வண்டியில் ஏற்றிப் போனார். கோபம் வரவில்லை. அவருக்குச் செலவு முக்கியம், நமக்கு மனச்சாட்சி. ஆனால் ஊருக்கு ஒரு கடை மட்டும் நல்லவனாக இருந்து பயனில்லை என்பது அன்று விளங்கியது.

ஏற்கெனவே இந்தக் கூரை போட்டவர்கள் பீதியடைய வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். உடையாமல், அறுபடாமல் இருக்கும் ஷீட்டிலிருந்து நார் அதிகம் வெளியேறுவதில்லை. அறுப்பது, துளைப்பது, உடைப்பது, உடைந்ததைக் கூட்டுவது ஆகியவைதான் ஆபத்து. பிரிக்க வேண்டியிருந்தால் நன்றாக நீர் தெளித்து, உடைக்காமல் முழுசாக இறக்கி, மூக்கையும் வாயையும் முறையான முகக்கவசத்தால் மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். உடைந்த துண்டுகளைப் பாதையில் கொட்டி மேடாக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். ஷீட்டின் மேல் நேராகக் காலை வைத்து ஏறவும் கூடாது. பழைய ஷீட் உடைந்து உள்ளே விழுந்து மாண்டவர்கள் உண்டு.

இப்போது கல்நார் கலக்காத நார் சிமெண்ட் ஷீட்டும் சந்தையில் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வேறுபாடு அறிய ஒரு வழி, ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே உள்ள எண்ணைப் பார்ப்பது. 459 என்றிருந்தால் கல்நார் ஷீட். கல்நார் இல்லாத ஷீட்டுக்கு 14871 என்ற எண் வரும். இந்த இரண்டு எண்களையும் நம் கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். வாடிக்கையாளருக்குத் தானாகவே போய்ச் சேரும்.

இரும்பு ஷீட்டில் காணாமல் போகும் இரும்பு

கல்நாரை விட்டால் அடுத்தது கலர் ஷீட். இன்று பெருவாரியாக விற்பது இதுதான். பாரம் குறைவு, பார்வைக்கு அழகு, வேலையும் விரைவு. ஆனால் இதில் வேறொரு நோய் புகுந்திருக்கிறது. அது நம்மவர்களே கொண்டுவந்த நோய்.

ஷீட்டின் கனத்தை 0.35, 0.40, 0.45, 0.50 மில்லிமீட்டர் என்று சொல்லி விற்கிறோம். இதில் இரண்டு அளவு உண்டு. ஒன்று வெறும் இரும்பின் கனம். மற்றொன்று அதன்மேல் ஏறும் துத்தநாகம், பெயிண்ட் எல்லாம் சேர்ந்த மொத்தக் கனம். எந்த அளவைச் சொல்கிறோம் என்று சொல்லாமலே விற்பதில்தான் வித்தை இருக்கிறது. அதையும் தாண்டிச் சிலர் 0.44ஐ 0.50 என்று துணிந்து சொல்கிறார்கள்.

நமக்கே இது நேர்ந்தது. வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் அனுப்பிய சுமை, பில்லில் 0.50 என்று போட்டிருந்தது. நம்பி இறக்கினோம், பாதிக்கு மேல் விற்றும்விட்டோம். ஒரு தச்சாசாரி வந்து, “அண்ணா, இது கையில் வளைகிற வளைவைப் பார்த்தால் கனம் போதாது” என்றார். எடை போட்டுப் பார்த்தோம். நான்கடி அகலச் சுருளிலிருந்து வரும் ஷீட் 0.50 கனமாக இருந்தால் அடிக்கு ஏறக்குறைய 1.4 கிலோ நிற்க வேண்டும். 12 அடி ஷீட் 17 கிலோவுக்கு அருகில் வர வேண்டும். வந்ததோ பதினான்கரை. நூறு ஷீட்டில் 200 கிலோவுக்கு மேல் இரும்பு காணாமல் போயிருக்கிறது! அனுப்பியவரைக் கேட்டதற்கு, “இப்ப மார்க்கெட்டுல இதைத்தான் ஐம்பதுன்னு சொல்றாங்க” என்றார். இருந்த சரக்கைத் திருப்பி அனுப்பினோம். விற்றதற்கு வித்தியாசத் தொகையைக் கொடுக்க முயன்றோம். ஆனால் பில் வேண்டாம் என்று வாங்கிப் போனவர்களை எங்கே போய்த் தேடுவது? அவர்கள் வீட்டுக் கூரைகள் இன்றும் அந்தக் கனத்தில்தான் இருக்கின்றன. அடுத்தடுத்த கோடைகளில் சூறைக்காற்று வீசியபோதெல்லாம் நமக்கு அந்த நினைவு வந்தது.

இரும்பு ஷீட் பற்றி வாடிக்கையாளருக்கு நாம் சொல்ல வேண்டியவை வேறு சிலவும் உண்டு. வெறும் ஷீட்டின் அடியில் சித்திரை வெயிலில் உட்கார முடியாது. மழை பெய்தால் பேச்சு கேட்காது. ஷீட்டுக்கும் தலைக்கும் நடுவே ஒரு தடுப்போ, மேலே வெள்ளை நிறமோ வேண்டும். சாதாரண நெளி ஷீட்டில் துளையை மேட்டில் போட வேண்டும்; பள்ளத்தில் போட்டால் வாஷர் தேய்ந்ததும் தண்ணீர் இறங்கும். கோழிப் பண்ணைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எச்சத்திலிருந்து எழும் காட்டமான காற்று துத்தநாகப் பூச்சை விரைவில் தின்றுவிடும். வீட்டுக்கு விற்கும் அதே ஷீட்டைப் பண்ணைக்கும் தள்ளிவிடுவது சரியல்ல. நம் கோடவுனிலும், நனைந்த ஷீட்டை அப்படியே அடுக்கினால் நடுவில் வெள்ளைத் துரு படியும். அதைத் துடைத்துவிட்டுப் புதுச் சரக்காக விற்பதும் ஒரு வகைப் பொய்தான்.

ஓட்டுக்கும் குறை உண்டு

ஓட்டைப் புகழ்ந்து எழுதுவது எளிது. விற்கிறவர் குறையையும் சொல்ல வேண்டும். முதற்குறை குரங்கு. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே இருக்கும் நம் ஊர்களில் ஓடு என்றதும் முதலில் வரும் பேச்சு அதுதான். அந்தத் தொல்லை மிகுந்த தெருவில் ஓட்டைத் தள்ளிவிடுவது நியாயமல்ல. இரண்டாவது பாரம். ஒரு சதுரத்துக்கு ஓடு மட்டும் 350 கிலோவுக்குக் குறையாது. நல்ல இரும்பு ஷீட்டென்றால் 50 கிலோவுக்குள் முடிந்துவிடும். அந்தப் பாரத்தால்தான் காற்றுக்கு ஓடு எளிதில் அசையாது. ஆனால் அதைத் தாங்கச் சட்டம் வேண்டும். நம் ஊர் மரச் சிற்பத்துக்குப் பேர்போனது. வாகை மரத்தில் சாமி செய்கிற ஊரில் கைமரத்துக்கு நல்ல மரம் கிடைக்காதது வேடிக்கைதான். அந்தக் காலத்துப் பனங்கையும் இன்று அரிது. இப்போது சதுர இரும்புக் குழாயில் சட்டம் பற்றவைத்து ஓடு போடுகிறார்கள். கரையான் பயம் இல்லை. மூன்றாவது ஆள். ஓடு வேயத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறை மழைக்கு முன் ஏறி, நகர்ந்ததைச் சரிசெய்து, சருகை வாரிவிடவும் ஆள் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நிறையையும் சொல்லலாம். ஓடு மூச்சு விடும் கூரை. இடுக்கு வழியே வெப்பம் மேலே போய்விடும். அடியில் சீலிங் ஓடும் போட்டால் வெயில் இன்னும் குறையும். நல்ல ஓடு எது என்று அறிய விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று ஒலித்தால் நன்றாக வெந்தது. மந்தமாக ஒலித்தால் வேகாதது அல்லது விரிசல் விட்டது. இன்னொரு சோதனை: காய்ந்த ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து, மீண்டும் எடை போடுங்கள். எடை ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் நாம் அந்தச் சரக்கை எடுப்பதில்லை. கூரையின் சாய்வும் முக்கியம். பத்தடி அகலத்துக்கு ஐந்தடி உயரம் ஏறினால் மழை தங்காது. ரீப்பர் இடைவெளியை வாய்க்கணக்கில் சொல்லாதீர்கள். வாங்கும் ஓட்டையே இரண்டு எடுத்து வைத்து அளந்து அடிக்கச் சொல்லுங்கள். ஆலைக்கு ஆலை அளவு மாறும்.

கான்கிரீட் வீட்டாரும் நம்மிடம் வருவார்கள்

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கீற்றுக் கூரைப் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. கீற்று குளிர்ச்சிதான், ஆனால் அந்தக் குளிர்ச்சிக்காகத் தீயை மறந்துவிட முடியாது. குடிசைகளை மாற்றிக் கான்கிரீட் வீடு கட்டும் திட்டங்கள் 2010 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட். மீதி 60 சதுர அடிக்கு எளிதில் தீப்பற்றாத வேறு கூரையைப் பயனாளியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அந்த 60 சதுர அடிக்குத்தான் அவர் நம்மிடம் வருவார். பெரும்பாலும் அது சமையல் செய்யும் இடமாகவோ, வயதானவர்கள் கட்டில் போடும் தாழ்வாரமாகவோ இருக்கும். ஒரு சதுரம் கூட இல்லாத சிறிய வியாபாரம்தான். அலட்சியமாகக் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் பகலெல்லாம் அந்த வீட்டுப் பெண்கள் நிற்பதும் கிழவர்கள் படுப்பதும் அந்த 60 சதுர அடிக்குக் கீழேதான்.

கான்கிரீட் கூரையும் பகல் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் கக்கும். மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிப்பது பழைய முறை. வெயிலும் தணியும், ஒழுக்கும் தடுக்கப்படும். அதற்கு வசதியில்லாதவருக்கு ஆண்டுதோறும் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். செலவு குறைந்த யோசனை. நமக்கு லாபமும் குறைவு. இருந்தாலும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, மலையில் உல்லாச வீடு கட்டுவோர் இப்போது ஷிங்கிள்ஸ் கேட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் பெருவழக்கில் உள்ள, தார் ஏற்றி மேலே கல்பொடி ஒட்டிய தகடுதான் அது. ஒட்டுப்பலகைத் தளத்தின் மேல் ஆணியடித்துப் பதிக்க வேண்டும். படத்தில் பார்க்க அழகுதான். நம் மழையில் அடியிலுள்ள பலகை நனைந்தால் என்ன ஆகும், உடைந்தால் அதே நிறம் இங்கே மீண்டும் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். வருவித்துக் கொடுக்கும் நாமும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

விலை குறைந்தது எது என்று கேட்பவருக்கு நாம் இப்போது ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். ஒரு பேச்சுக்கு, 100 ரூபாய்க்கு ஒரு கூரை 15 ஆண்டு உழைக்கிறது. 200 ரூபாய்க்கு ஒரு கூரை 50 ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு முன்னது ஏழு ரூபாய்க்கு அருகில், பின்னது நான்கு ரூபாய். எது மலிவு? கேட்டதும் பலர் யோசிக்கிறார்கள். முன்பணம் இல்லாதவர் மலிவானதைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் தெரிந்து எடுக்கட்டும்.

தனிக்கடை இதைச் செய்தால் நட்டப்பட்டு நின்றுவிடும் என்பதை மேலே சொன்னோம். ஆகவே ஊர்ச் சங்கங்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். நம் யோசனைகள் ஐந்து.

ஒன்று: கல்நார் ஷீட்டைக் கடையிலோ கோடவுனிலோ அறுத்துக் கொடுப்பதில்லை, துளையிட்டுக் கொடுப்பதில்லை என்று எல்லாக் கடையும் ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டும். சுமை தூக்குபவர்களும் கடைப் பையன்களும் நம்மை நம்பி வந்தவர்கள்.

இரண்டு: வீட்டுக்கென்று கேட்பவரிடம் அது கல்நார்தான் என்று வாயால் சொல்லிவிட வேண்டும். சிமெண்ட் ஷீட் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. நாளடைவில் அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதற்கு ஒரு காலக்கெடுவும் வைக்க வேண்டும்.

மூன்று: இரும்பு ஷீட்டின் கனத்தை, இரும்பின் கனமா மொத்தக் கனமா என்று பிரித்துப் பில்லில் எழுத வேண்டும். பில் இல்லாமல் ஒரு ஷீட் கூட வெளியே போகக் கூடாது.

நான்கு: கடை முகப்பில் தராசும் கனம் அளக்கும் கருவியும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். கேட்காவிட்டாலும் காட்டினால் இன்னும் நல்லது.

ஐந்து: வீடு இடிக்கும்போது இறங்கும் பழைய ஓடுகளைச் சங்கத்தின் பேரில் வாங்கித் தரம் பிரித்து, சிறு வீடு கட்டுவோருக்குக் குறைந்த விலையில் தர ஏற்பாடு செய்யலாம். எத்தனையோ மழை பார்த்துத் தேறிய சரக்கு அது. இன்று மண்ணோடு மண்ணாகப் போகிறது.

இதனால் வியாபாரம் குறையாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முதலிரண்டு ஆண்டு குறையும். நமக்குக் குறைந்தது. பிறகு வேறு வகையான வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள். “நீங்க உள்ளதைச் சொல்வீங்கன்னு மாமா சொன்னாருங்க” என்று வீரகனூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் வாங்கியது ஒன்றரைச் சதுரம். ஆனால் அந்த ஒரு சொல்லை விலை கொடுத்து வாங்க முடியுமா?

அந்தக் கால ஆலைக்காரன் ஓட்டின் முதுகில் தன் பெயரை அச்சடித்து அனுப்பினான். ஆலை மூடிவிட்டது, பெயர் மட்டும் இன்னும் கூரையில் இருக்கிறது. நாம் விற்கும் ஷீட்டில் நம் கடைப் பெயர் இல்லை. இருந்தால் எதை விற்றிருப்போம், எதை விற்காமல் விட்டிருப்போம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த கோடை மழைக்கு முன்பாவது நம் சங்கங்களின் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுப்போமாக.